பில்லுண்டிலிருந்து ஜோகூர் வரை: லெகோலேண்ட் பூங்காக்களின் வரலாறு

1960களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரிலிருந்த ஒரு பொம்மைத் தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு இருபதாயிரம் பேர் வந்துபோனார்கள். பொம்மை வாங்குவதற்காக வரவில்லை. லெகோ கட்டைகளை அடுக்கித் தொழிற்சாலைக்குள் செய்து வைத்திருந்த வீடுகளையும் விலங்குகளையும் பார்க்க வந்தார்கள். குடும்பத்தோடு வந்தார்கள், பள்ளிகளிலிருந்து வரிசையாக வந்தார்கள். வேலைக்கு இடைஞ்சலாகிவிட்டது. வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல முதலாளிக்கு மனமில்லை. தொழிற்சாலைக்கு வெளியே திறந்தவெளியில் ஓர் இடத்தை ஒதுக்கி, மாதிரிகளை அங்கே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். லெகோலேண்ட் பிறந்த கதை இவ்வளவுதான்.

இன்று அந்தப் பெயரில் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா என்று மூன்று கண்டங்களில் பூங்காக்கள் இருக்கின்றன. இந்தியாவில் ஒன்றும் இல்லை. அந்தமானின் மாயாபந்தரில் இருக்கும் நமக்கு மிக அருகில் உள்ளது மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில். நம் ஊர்க் குடும்பங்களில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகிறார்கள். டிக்கெட் விலையும் வரிசையின் நீளமும் எல்லோருக்கும் தெரிகிறது. அந்த இடம் எப்படி உண்டாயிற்று, அதில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது எது என்று சொல்லித்தர ஆளில்லை. நம் விழா மலரில் அதை எழுதிவைப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றக் காரணம், இந்த நிறுவனத்தின் வேர் மரத்தச்சில் இருக்கிறது என்பதுதான். காட்டையும் மரத்தையும் நம்பிப் பிழைத்த ஊர் நம்முடையது.

ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் ஓர் ஆசாரி. 1916இல் பில்லுண்டில் ஒரு தச்சுப்பட்டறையை வாங்கினார். வீடு கட்டுவது, கதவு ஜன்னல் செய்வது, மேசை நாற்காலி என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. 1924இல் அவருடைய சிறு பிள்ளைகள் பட்டறையில் நெருப்பு மூட்டப்போய், இழைப்புச் சுருள்களில் தீப்பற்றிப் பட்டறையும் வீடும் எரிந்துபோயின. திரும்பக் கட்டினார். 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வீடு கட்டுவார் இல்லை. 1932இல் மிச்சம் கிடந்த மரத்தில் ஏணி, இஸ்திரிப் பலகை, அவற்றோடு பொம்மைகள் என்று செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவியும் இறந்துபோனார். நான்கு ஆண்பிள்ளைகளை வளர்க்க வேண்டிய நிலையில்தான் அந்த மனிதர் பொம்மைத் தொழிலுக்கு வந்தார். 1934இல் தன் பட்டறைக்கு லெகோ என்று பெயர் வைத்தார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது.

மரவாத்து ஒன்று அவர்கள் செய்த பொம்மைகளில் பெயர் பெற்றது. இழுத்தால் வாயைத் திறந்து மூடும். அதைப்பற்றி அந்தக் குடும்பத்தில் ஒரு கதை வழங்குகிறது. மகன் கோட்ஃப்ரெட் ஒருநாள் பெருமையோடு வந்து, வாத்துகளுக்கு வழக்கமான மூன்று பூச்சுக்குப் பதிலாக இரண்டு பூச்சு வார்னிஷ் மட்டும் அடித்து நிறுவனத்துக்குப் பணம் மிச்சப்படுத்திவிட்டேன் என்றானாம். சரக்கு ஏற்கெனவே ரயில் நிலையத்துக்குப் போய்விட்டது. தகப்பன் அவனைத் திருப்பி அனுப்பிப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு வாத்துக்கும் மூன்றாவது பூச்சை அடித்து, மறுபடி கட்டி, நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவும் அவன் ஒருவனாகவே, அன்றிரவே. படாக் மரத்தில் ஒரு நாற்காலி செய்து, கீழ்ப்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அங்கேயும் இழைத்துக் கொடுக்கிற ஆசாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வர்க்கம் அவர். பின்னாளில் அந்த மகனே, மிகச் சிறந்ததுதான் போதுமானது என்ற கருத்துள்ள வாசகத்தை மரத்தில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினான்.

1942இல் மறுபடியும் தீ. தொழிற்சாலை எரிந்தது. மறுபடியும் எழுந்தது. போருக்குப் பிறகு பிளாஸ்டிக்கை வார்க்கும் இயந்திரம் ஒன்றை ஓலே கிர்க் வாங்கினார். இங்கே ஒரு கடனைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டையை முதலில் எண்ணிச் செய்தவர் இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ். கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் அவர் விற்ற கட்டையைப் பார்த்துத்தான் லெகோ 1949இல் தன் கட்டையைச் செய்தது. பேஜ் 1957இல் இறந்துவிட்டார். பூங்காக்களின் வரலாற்றில் அவர் பெயரும் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வந்த கட்டைகள் நின்று பிடிக்கவில்லை. உயரமாக அடுக்கினால் சரிந்தன. உள்ளே வெற்றுக்கூடாக இருந்த கட்டைக்குள் குழாய்களை வைத்து, கீழ்க்கட்டையின் குமிழ்கள் அந்தக் குழாய்களுக்கும் சுவருக்கும் நடுவே இறுகப் பிடித்துக்கொள்ளும்படி செய்தது கோட்ஃப்ரெட்டின் காலத்தில். அதற்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக வார்க்கப்படுவதால், அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடு அப்படியே பொருந்துகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு கட்டைகளுக்குக் கணக்குப் பார்த்த டேனிஷ் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கண்ட எண் 91,51,03,765. கைக்கு அடங்கும் ஆறு துண்டுகளில் இத்தனை வழி இருக்கும்போது ஒரு நகரத்தையே கட்டிப்பார்க்க யாருக்கும் ஆசை வராமல் இருக்குமா?

1958 மார்ச்சில் ஓலே கிர்க் காலமானார். 1960இல் மூன்றாவது பெரிய தீ, மரப்பொம்மைப் பிரிவைத் தின்றது. அத்தோடு மரத்தை விட்டுவிடுவது என்று கோட்ஃப்ரெட் முடிவெடுத்தார். அந்த முடிவை ஏற்காத சகோதரர்கள் நிறுவனத்தைவிட்டு விலகினார்கள். காட்டில் மரம் வெட்டுவது 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பிறகு பெரிதும் குறைந்து, மரத்தொழிலில் இருந்தவர்கள் வேறு வழி தேடிய காலத்தைப் பார்த்த நமக்கு, ஒரு குடும்பம் மரத்தைவிட்டு வெளியே வருவது எவ்வளவு கனமான முடிவு என்று விளக்க வேண்டியதில்லை.

பூங்காவை வடிவமைக்கக் கோட்ஃப்ரெட் தேடிப்பிடித்தவர் கட்டிடக் கலைஞரோ பொறியாளரோ அல்ல. கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் பொருட்களை அழகாக அடுக்கிவைக்கும் தொழில் செய்த ஆர்னால்ட் பௌட்ரப் என்பவர். தெருவில் போகிறவனை நிறுத்திப் பார்க்கவைக்கத் தெரிந்தவரே இதற்குத் தக்கவர் என்று கோட்ஃப்ரெட் கணித்தது சரியாயிற்று. பௌட்ரப்பே பூங்காவின் முதல் இயக்குநரும் ஆனார். மாதிரிகளைச் செய்தவர்களில் முதன்மையானவர் டாக்னி ஹோல்ம் என்ற பெண்மணி. கோட்ஃப்ரெட்டின் உறவினர், சிற்பம் பயின்றவர். கடையில் விற்கிற சாதாரணக் கட்டைகளையே வைத்து வீடுகள், கோபுரங்கள், மனிதர்கள், மிருகங்கள் என்று ஓர் உலகத்தையே உருவாக்கினார். எல்லாம் மூலையும் விளிம்புமாக இருக்கும் கட்டையில் ஒரு கன்னத்தின் வளைவைக் கொண்டுவருவது சிற்பியின் வேலை. லெகோலேண்டின் முகம் என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த அம்மையாரின் கைவண்ணம். தொழிலதிபர்களின் பெயர் தெரிந்த அளவுக்கு அவருடைய பெயர் வெளியே தெரியவில்லை என்பது வருத்தம்தான்.

1968 ஜூன் 7ஆம் தேதி பூங்கா திறந்தது. முதல் பருவத்திலேயே 6,25,000 பேர் வந்தார்கள். ஒரு குக்கிராமத்துக்கு இவ்வளவு பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்றால், அதற்கும் அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் லெகோ தன் தேவைக்காகப் பில்லுண்டில் ஒரு விமான ஓடுதளம் அமைத்தது. 1964இல் அது பொது விமான நிலையமானது. பொம்மை செய்த குடும்பம் ஊருக்கு ஒரு விமான நிலையத்தையே பெற்றுத்தந்தது. ஸ்ரீ விஜயபுரம் போக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் அந்தமான் டிரங்க் சாலையில், கான்வாய்க்குக் காத்திருந்து, மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகேறிக் கடந்து, அதற்குப் பிறகுதான் விமானத்தைப் பற்றி நினைக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் நமக்கு இந்தச் செய்தி வேறு விதமாகவே படுகிறது.

சின்ன ஊர்களைச் செய்துவைத்துக் காட்டுவது லெகோவின் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் பெகன்ஸ்காட் என்ற மாதிரிக் கிராமம் 1929லேயே உண்டாயிற்று. நெதர்லாந்தின் ஹேக் நகரில் மதுரோடாம் 1952இல் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் வதைமுகாமில் உயிர்நீத்த ஜார்ஜ் மதுரோ என்ற இளைஞரின் நினைவாக அவருடைய பெற்றோர் கொடுத்த நிதியில் எழுந்தது அது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது, படிகளுக்குப் பக்கத்தில் தரையில் மணலைக் கொட்டி, கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, மலைக்கோயில், கிணறு, பள்ளிக்கூடம், போலீஸ்காரர், ரயில் என்று பிள்ளைகள் ‘பார்க்’ போடுகிறார்களே, அதே ஆசைதான் அங்கேயும். தன் ஊரைத் தன் முழங்கால் உயரத்துக்குச் சுருக்கி, மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. லெகோலேண்ட் செய்தது, அந்த ஆசைக்கு ஒரே வகைக் கட்டை என்ற ஒழுங்கைக் கொடுத்தது.

பூங்காவின் இதயப்பகுதிக்கு மினிலேண்ட் என்று பெயர். ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அளவில் ஊர்கள் நிற்கும். மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு தளம் பதினைந்து சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆறடி மனிதர் ஒன்பது சென்டிமீட்டர். பில்லுண்டின் மினிலேண்டில் மட்டும் சுமார் இரண்டு கோடிக் கட்டைகள் இருக்கின்றன. பெரிய மாதிரிகளுக்கு உள்ளே எஃகுச் சட்டம் உண்டு. கட்டைகள் ஒட்டப்பட்டவை, வெயிலில் நிறம் போகாமல் இருக்க மேலே பூச்சு கொடுக்கிறார்கள். அப்படியும் வெளுக்கிறது, மழையில் பாசி பிடிக்கிறது. வீடுகளுக்கு நடுவே நிற்கும் மரங்கள் உயிருள்ளவை. இருபதில் ஒரு பங்கு ஊருக்குப் பொருந்துகிற உயரத்தில் அவற்றை வெட்டி வெட்டியே வைத்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் பூங்காவில் மாதிரி செய்கிறவருக்குச் சமமான வேலை தோட்டக்காரருக்கும் இருக்கிறது.

பில்லுண்டுக்குப் பிறகான முதல் முயற்சி தோற்றது. ஜெர்மனியின் சீர்க்ஸ்டோர்ஃபில் 1973இல் திறந்த பூங்கா 1976இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் புதிய பூங்கா இல்லை. 1996இல் இங்கிலாந்தின் விண்ட்சரில், ஒரு பழைய சஃபாரி பூங்கா இருந்த இடத்தில், இன்று இயங்குபவற்றில் இரண்டாவதான லெகோலேண்ட் வந்தது. 1999இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட், 2002இல் ஜெர்மனியின் குன்ஸ்பர்க். புளோரிடாவில் 2011இல் திறந்த பூங்காவைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. அங்கே 1936 முதல் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற புகழ்பெற்ற தோட்டம் இருந்தது. அதை அழிக்காமல் பூங்காவுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். 1939இல் சிறு கன்றாக நட்ட ஓர் ஆலமரம் விழுதூன்றிப் படர்ந்து இன்றும் அங்கே நிற்கிறது. புதிதாகக் கட்டவருகிறவர்கள் பழைய மரத்துக்கு இடம்விட்டுக் கட்டினார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதற்கு நடுவில் நிறுவனமே ஆட்டங்கண்டது. கணினி விளையாட்டுகள் வந்தன. லெகோ தன் கட்டையைவிட்டு எதையெதையோ செய்யப்போய் 2003, 2004 ஆண்டுகளில் பெரும் நஷ்டத்தில் விழுந்தது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் என்ற இளம் நிர்வாகி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2005இல், அப்போதிருந்த நான்கு பூங்காக்களும் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனத்தின் கையிலிருந்த மெர்லின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கிறிஸ்டியான்சன் குடும்பத்தின் கிர்க்பி நிறுவனம் மெர்லினில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது. 2019இல் அதே கிர்க்பி, பிளாக்ஸ்டோனுடனும் கனடாவின் ஓய்வூதிய நிதியத்துடனும் சேர்ந்து மெர்லின் முழுவதையும் வாங்கியது. விற்ற பிள்ளையைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துவந்தது போலத்தான் டேனிஷ் மக்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

ஆசியாவின் முதல் லெகோலேண்ட், இன்று இயங்குபவற்றில் ஆறாவது, 2012 செப்டம்பர் 15 அன்று ஜோகூரின் நுசாஜெயாவில் திறந்தது. அந்த இடத்துக்கு இப்போது இஸ்கந்தர் புத்திரி என்று பெயர். 76 ஏக்கர் பரப்பு. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவும் அதில் பங்கெடுத்தது. அடுத்த ஆண்டில் நீர்ப் பூங்காவும் தங்கும் விடுதியும் சேர்ந்தன. எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரந்துகிடந்த வட்டாரம் அது. தோட்டங்களில் உழைக்கப்போன தமிழர்களின் வியர்வை விழுந்த ஜோகூர் மண். சிங்கப்பூரிலிருந்து துவாஸ் வழியாக இரண்டாம் பாலத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் வந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனபோது பேரனோடு நானும் அப்படித்தான் போனேன்.

வாசலில் நின்ற பணிப்பெண் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பேசினாள். “ஐயா, மத்தியானம் மழை வந்துரும். இடி மின்னல்னா வெளிய இருக்கிற ரைடு எல்லாம் நிறுத்திருவாங்க. பையன் ரைடுல ஏறணும்னா காலையிலேயே ஏத்திருங்க” என்றாள். நல்ல ஆலோசனை. ஆனால் நான் பேரனை முதலில் மினிலேண்டுக்கே அழைத்துப்போனேன். காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சிறு கட்டிடங்களுக்கு நிழல் நீளமாக விழுந்து உண்மையான ஊர் போலவே இருக்கும். உச்சிவெயிலில் அந்த அழகு போய்விடும். மலேசியப் பூங்காவின் மினிலேண்ட் முழுவதும் ஆசியா. இரட்டைக் கோபுரம், சிங்கப்பூரின் மெர்லயன், அங்கோர் வாட், சீனப் பெருஞ்சுவர், நம் தாஜ்மஹால். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். இருபதில் ஒரு பங்கு என்றால் 22 மீட்டருக்கு மேல் போகவேண்டும். அவ்வளவு உயரம் வைக்கவில்லை. மிக உயரமானவற்றைச் சற்றுக் கூடுதலாகக் குறுக்கி, பக்கத்துக் கட்டிடங்களோடு சேர்ந்து பார்க்கும்போது கண்ணுக்குச் சரியாகப் படும்படி வைத்திருக்கிறார்கள். அளவுகோல் சொல்வதையும் கண் சொல்வதையும் இணக்கிவைப்பதில்தான் கலைஞரின் திறமை இருக்கிறது.

தாஜ்மஹாலின் குவிமாடத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வளைவே கிடையாது. ஒவ்வொரு வரிசைக் கட்டையும் கீழ் வரிசையைவிட ஒரு குமிழோ அரைக் குமிழோ உள்ளே தள்ளி நிற்கிறது. சில வரிசைகளில் இரண்டு மூன்று கட்டை செங்குத்தாக எழுந்து, பிறகு சட்டென்று உள்ளே ஒடுங்குகிறது. மேலே போகப்போக ஒடுக்கம் வேகமாகிறது. பத்தடி பின்னால் வந்து நின்றால் அத்தனை படிகளும் மறைந்து உருண்டையான மாடம் நிற்கிறது. அங்கேயே வேலியோரம் ஒரு தோட்டக்காரர் குப்புறக் குனிந்து, ஒரு சாண் உயர மரத்தின் நுனிகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். விழுந்த இலைகளை மாதிரித் தெருவிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அந்த இலை ஒவ்வொன்றும் அந்தத் தெருவில் ஒரு பாயளவு. பேரன், “தாத்தா, இவருதான் இங்க முனிசிபாலிட்டியா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஓட்டுநர் பள்ளி என்று ஒரு பகுதி இருக்கிறது. பில்லுண்டில் பூங்கா திறந்த காலத்திலிருந்தே வந்த வழக்கம் இது. பிள்ளைகள் சிறிய மின்காரில் ஏறி, சிக்னல் பார்த்து, இடம் வலம் அறிந்து ஓட்டவேண்டும். முடித்தவர்களுக்கு உரிமம் தருகிறார்கள். எந்த ராட்டினத்தைவிடவும் இதை நான் உயர்வாக நினைக்கிறேன். பூங்கா இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று அமைத்தது. பெரிய பையன்கள் அதிவேக ராட்டினத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வரும். அந்தக் காசுக்கு வேறு இடம் போகலாம்.

ஜோகூர் வரை போகிற தமிழர்கள், ஜோகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கோயிலையும் பார்த்துவர வேண்டும். உட்புறம் முழுவதும் சுமார் மூன்று லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்த கண்ணாடிக் கோயில் அது. சுவர், தூண், விதானம் என்று எங்கு பார்த்தாலும் விரல் நக அளவுத் துண்டுகள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்த எனக்கு, துண்டு துண்டாக அடுக்கிப் பெரியதை உண்டாக்கும் பொறுமை எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை என்று உறுதியாயிற்று.

2016இல் துபாய், 2017இல் ஜப்பானின் நகோயா, 2021இல் நியூயார்க் மாநிலம், 2025 ஜூலையில் ஷாங்காய் என்று பூங்காக்கள் பெருகின. இவற்றுக்கு நடுவே வந்த தென்கொரியப் பூங்காவின் கதையைத் தீவுவாசிகளான நாம் கவனமாகப் படிக்க வேண்டும். சுன்சொன் நகரில் ஆற்றின் நடுவே உள்ள ஜுங்தோ என்ற தீவைப் பூங்காவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தோண்டியபோது வெண்கலக் காலத்துக் குடியிருப்பும் கற்திட்டைகளும் வெளிப்பட்டன. பெருங்கற்காலச் சின்னங்களின் மீது பொழுதுபோக்கு இடமா என்று தொல்லியல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் தள்ளிப்போய் 2022 மே 5 அன்று திறந்தது. அதே ஆண்டு, பூங்காவுக்காக வாங்கிய 20,500 கோடி வொன் கடனுக்குக் கொடுத்த உத்தரவாதத்தை மாகாண அரசு நிறைவேற்றத் தயங்கியதால் அந்நாட்டின் கடன்பத்திரச் சந்தையே கலங்கிப்போனது. ஊரின் மண்ணையும் அதன் பழமையையும் விலையாகக் கொடுத்து வரும் பூங்காவை நான் ஆதரிக்கமாட்டேன். பில்லுண்டில் பூங்கா ஊரிலிருந்து முளைத்தது. ஜுங்தோவில் பூங்கா ஊர்மீது வைக்கப்பட்டது. அந்த வித்தியாசம் பெரிது.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லாமல் போகக்கூடாது. 1997 பிப்ரவரியில் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலுக்கு அப்பால் பேரலையில் சிக்கியது. கடலில் விழுந்த கொள்கலன்களில் ஒன்றில் சுமார் 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன. குட்டி ஆக்டோபஸ், துடுப்பு, பூ என்று இன்றைக்கும் அவை கரை ஒதுங்குகின்றன. அறுபது ஆண்டுக்கு முந்தைய கட்டை இன்றும் பொருந்துகிறது என்ற பெருமையின் மறுபக்கம் இது. கர்மாடாங் கடற்கரைக்கு ஆமைகள் முட்டையிட வரும் நம் ஊரில் இதைப் படிக்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. கரும்பிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்கில் செடி கொடித் துண்டுகளைச் செய்ய 2018இல் நிறுவனம் தொடங்கியது. பழைய பாட்டில்களை உருக்கிக் கட்டை செய்யும் முயற்சியை 2023இல் கைவிட்டது. இன்னும் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது.

நம் தீவுகளில் மாதிரிக்கு உள்ள மதிப்பை அறிய செல்லுலார் சிறைக்குப் போனால் போதும். 1906இல் கட்டிமுடித்தபோது அதற்கு ஏழு கிளைகள். இன்று நிற்பவை மூன்று. மீதி நான்கு எங்கே இருந்தன, எப்படி இருந்தன என்பதை அங்கே வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். இடிந்துபோனதை எழுத்தில் படித்தால் ஒரு வரி. மாதிரியில் பார்த்தால் அதன் நீளமும் உயரமும் மனதில் பதிகிறது. நம் ஊரும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் எவ்வளவு போயிற்று என்பது முதியவர்களுக்குத் தெரியும். வடக்கே பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழும்பியதையும் பார்த்தோம். பழைய மரவீடுகள் ஒவ்வொன்றாகச் சிமெண்டுக் கட்டிடங்களாகிவிட்டன. தமிழர், வங்காளியர், 1925இல் பர்மாவிலிருந்து வந்து வெபியில் குடியேறிய கரேன் மக்கள், ராஞ்சியிலிருந்து காட்டுவேலைக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் கட்டிய ஊர் இது. அதன் பழைய உருவத்தை யாரும் அளந்து வைக்கவில்லை.

ஆகவே மலர்க் குழுவுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. லெகோலேண்ட் போக வசதியுள்ளவர்கள் போய்வாருங்கள். முதலில் மினிலேண்டைப் பாருங்கள். பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் நிற்கவிடுங்கள். போகமுடியாத பிள்ளைகளே நம் ஊரில் அதிகம். அவர்களுக்காக அடுத்த விழாவில் மாயாபந்தரையே மாதிரியாகச் செய்து வைப்போம். விலையுயர்ந்த கட்டை எதற்கும் தேவையில்லை. அட்டைப்பெட்டி, மூங்கில், ஆசாரிப் பட்டறையில் மிஞ்சும் மரத்துண்டு, பசை, ஓர் அளவுநாடா போதும். இருபதில் ஒரு பங்கு என்றால் ஜெட்டி மட்டுமே விழா மண்டபத்தை அடைத்துவிடும். நூறில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பிள்ளைகளுக்குக் கணக்கும் எளிது. ஜெட்டி, பஜார், மகாத்மா காந்தி கல்லூரி, கோயில்கள், தேவாலயம், மசூதி, வெபியின் தூண்மேல் நிற்கும் வீடுகள், ஆஸ்டின் கால்வாயின் செங்கப்பா பாலம் என்று குழுக்குழுவாகப் பிரித்துக்கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் கட்டிடத்தை நேரில் போய் அளந்து, அங்கே வசிக்கும் பெரியவர்களிடம் அது முன்பு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிவரட்டும். விழாக் குழு செய்யவேண்டியது ஒன்றுதான்: மழைக்காலம் முடிந்ததும் மண்டபத்தில் ஓர் அறையைப் பூட்டுச் சாவியோடு பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.